குடியேறினான் என்பது எப்போது?

ஒருவன் பிறந்த ஊரை விட்டுப் பிறிதொரு நாட்டிற்குச் செல்கின்றான். அங்கே உண்கின்றான், உறங்குகின்றான், ஊதியம் பெறுகின்றான். அவன் அந்நாட்டிற் குடியேறிவிட்டான் என்று நாம் எப்போது சொல்லலாம்? வந்திறங்கிய அன்றா? முதற் சம்பளம் வாங்கிய அன்றா? வீடு வாங்கிய அன்றா? குடியுரிமைச் சான்று கைக்கு வந்த அன்றா? கடல் கடந்தார் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிதாகிவிட்ட இக்காலத்தில் இவ்வினாவை வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடுதல் இயலாது. இதற்கு நாம் கூறும் விடையே நாம் பிறரை நடத்தும் முறையைத் தீர்மானிக்கின்றது. ஆதலின் அதனைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு கடிதம். யாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்திற் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். காலையில் ஆள்களின் பெயர் பதிவதும், மாலையிற் குலைகளின் எடையைக் கணக்கெழுதுவதும் எமது தொழில். இளமையில் எம்மைச் சிங்கப்பூரில், பூன் லேயில் உள்ள சின்னம்மா வீட்டில் விட்டு ஆங்கிலப் பள்ளியிற் படிக்கவைத்தார்கள். இன்றும் விடுமுறை வாய்க்கும் ஞாயிறுகளில் துவாஸ் பாலத்தைக் கடந்து அவ்வீட்டிற்குச் சென்று வருகின்றோம். சின்னம்மாவின் ஒரே மகன், எமக்குத் தம்பி முறையினன், சென்ற ஆண்டு மே மாதக் கடைசியிற் கணிப்பொறித் துறையில் ஒரு வேலையேற்றுச் சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்குச் சென்றான். ஜூன் மாத முடிவில் அவனிடமிருந்து நெடியதொரு மின்னஞ்சல் வந்தது.

“அண்ணே, இங்கே இரவு பத்து மணி வரை வெயில் அடிக்கிறது. ஏரிக்கரைகளில் மக்கள் கூட்டங் கூட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். காட்டிற்குள் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், காட்டுப் பழங்களைப் பறிக்கலாம். ஏன் என்று கேட்பாரில்லை. ஒரு மாதத்திற்குள் நான் இந்நாட்டில் ஊன்றிவிட்டேன். இனிக் கவலை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தான்.

யாம் அதனைப் படித்துக் காட்டினோம். சின்னம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே, “வெளிச்சத்தைப் பார்த்து மயங்கிட்டான் தம்பி. தை மாசம் வரட்டும், அப்போ கேட்போம்” என்றார்.

பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட அவ்வம்மையாரின் சொல்லில் ஒரு மெய்ந்நூற் கேள்வி அடங்கியிருந்ததை அப்போது யாம் உணரவில்லை. பின்னர் எண்ண எண்ண விளங்கியது.

தம்பி எழுதியவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஸ்டாக்ஹோம் ஏறத்தாழ 59 பாகை வடக்கே உள்ளது. ஜூன் மாத நடுவில் அங்கே பகற்பொழுது பதினெட்டு மணி நேரத்திற்கும் மிகுதி. இன்னும் வடக்கே கிரூனா என்னும் ஊரிற் பல வாரங்களுக்குக் கதிரவன் மறைவதே இல்லை. ஜூன் 19-க்கும் 25-க்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமையில் அந்நாட்டார் நடுக்கோடைத் திருநாள் கொண்டாடுகின்றனர். பூவும் தழையும் சுற்றிய கம்பத்தை நட்டு அதைச் சுற்றி ஆடுவர். புது உருளைக்கிழங்கும் மீனும் உண்பர். வேலை செய்வார்க்கு ஆண்டிற்கு 25 நாள் விடுமுறை என்பது அந்நாட்டுச் சட்டம்; அதில் நான்கு வாரத்தை ஜூன் முதல் ஆகஸ்டு வரையுள்ள காலத்தில் தொடர்ச்சியாக எடுக்கவும் உரிமையுண்டு. ஆதலால் ஜூலையில் நகரமே பாதி வெறிச்சோடும். காட்டிற் புகுந்து நடக்கவும் பழம் பறிக்கவும் எவர்க்கும் உள்ள உரிமை, 1994 முதல் அரசியற் சட்டத்திலேயே இடம்பெற்றது.

இவ்வாறாயின் கோடையில் வந்தவன் கண்டது என்ன? ஒரு நாட்டின் விடுமுறையைக் கண்டான். திருமண வீட்டிற்கு முதன்முறை சென்றவன் அக்குடும்பத்தாரின் சிரிப்பையும் பந்தியையும் பார்த்து, ‘இவர்கள் என்றும் இப்படியே’ என்று எண்ணுவது போன்றது இது. அதே ஸ்டாக்ஹோமில் டிசம்பரிற் பகல் ஆறு மணி நேரமே. பிற்பகல் மூன்று மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும்.

இனி நம்முடைய நிலையைப் பார்ப்போம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஒரு பாகை சொச்சமே வடக்கே உள்ளது. இங்கே கோடையுமில்லை, குளிருமில்லை. ஆண்டு முழுதும் பகல் பன்னிரண்டு மணி நேரம். வந்தவனை மயக்கும் பருவமும் இல்லை, பின்னர் அவனைச் சோதிக்கும் பருவமும் இல்லை. ஆயினும் நம் முன்னோர்க்கு ஒரு கோடை காட்டப்பட்டது. அது கங்காணியின் வாயில் இருந்த கோடை. ஊரில் வறட்சி, மலாயாவிலோ மரத்தைக் கீறினாற் பால் சொரியும், பாலை விற்றாற் பணம் சொரியும் என்று அவன் சொன்னான். நாகப்பட்டினத்திற் கப்பலேறியவர் பலர் அச்சொல்லின் வெளிச்சத்தையே நம்பி வந்தனர். லயத்தில் முதல் மழைக்காலமும் முதற் காய்ச்சலும் வந்தபோதே கோடை முடிந்தது என்று கண்டனர். ஆகவே ஒரு நாடு நமக்கு இனிக்கின்றது என்பது, அந்நாட்டில் நாம் குடியேறிவிட்டோம் என்பதற்குச் சான்றாகாது. இனிப்பு விருந்தாளிக்கும் உண்டு.

பொருள் ஈட்டுதல் சான்றாகுமா என்று அடுத்துக் கேட்போம். ஆகாது என்பதை எமது தோட்டத்துப் பழைய கதைகளே காட்டும். முப்பது ஆண்டு பால்வெட்டியும் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியை மூடிப் பூட்டியே வைத்திருந்த பெரியவர்களை எம் பாட்டியார் அடிக்கடி நினைவுகூர்வார். அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுவோம் என்பதே ஆண்டுதோறும் அவர்கள் பேச்சு. சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பினர். அங்கே நிலம் வாங்கினர். இங்கே வாழ்ந்த முப்பதாண்டும் அவர்களுக்கு ஒரு நீண்ட ரயில் நிலையக் காத்திருப்பாகவே கழிந்தது. அவர்கள் சோம்பரல்லர், அறிவிலிகளுமல்லர். ஆயினும் குடியேறியவர் என்று அவர்களைச் சொல்ல முடியுமா?

மூன்றாவதாகக் குடியுரிமைச் சீட்டு. இதனை எளிதாகத் தள்ளிவிட எமக்கு மனமில்லை. நம் வரலாற்றிற் சீட்டில்லாமையால் விளைந்த கண்ணீர் மிகப் பெரிது. 1938-ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடுத்தது. அதன் பின்னும் இங்கிருந்தவர் பலர், ‘நாம் வந்தவர்தாமே, போகிறவர்தாமே’ என்று இருந்துவிட்டனர். 1957-ல் சிங்கப்பூரிற் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அவ்வாய்ப்பை நழுவவிடாமற் பதிந்துகொள்ளும்படி தமிழரை வற்புறுத்தினார் தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி. கேட்டவர் பிழைத்தனர். மலேசியாவிலோ, 1968-ல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால், குடியுரிமை இல்லாதார் வேலை பார்க்க உரிமச்சீட்டு வேண்டியதாயிற்று. நீல அடையாளக் கார்டு இல்லாது சிவப்புக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர் வேலையிழந்து, தாம் பிறந்திராத அல்லது மறந்துவிட்ட ஊர்களுக்குக் கப்பலேறினர். எம் பாட்டனாரின் தமையனாரும் அவர்களுள் ஒருவர். ரஜூலாக் கப்பலில் ஏறும்போது லயத்துச் சாவியைத் திருப்பித்தர மறந்து மடியிலேயே கொண்டுபோய்விட்டாராம். அச்சாவி இன்றும் ஊரில் இருக்கின்றது என்று கேள்வி.

ஆகவே சீட்டு வேண்டும். சீட்டில்லாதவன் நட்ட வாழையைப் பிறன் வெட்டிப் போகலாம். ஆயினும் அது வேலி. வேலி மட்டும் தோட்டம் ஆகிவிடாது. சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டே ஒரு நாட்டில் வாழ்நாள் முழுதும் விருந்தாளியாக இருந்து மறைபவர் உண்டு. அடுத்த வீட்டார் பெயர் அறியார். அவ்வூரின் துன்பம் தம் துன்பம் என எண்ணார். எது குறைந்தாலும் ‘இவர்கள் நாடு இப்படித்தான்’ என்பர். பூங்குன்றனார் பாட்டை மேடைதோறும் முழங்குபவரும் நாமே. மேடையை விட்டிறங்கிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குபவரும் நாமே.

நான்காவது, காலம். ‘பல ஆண்டு இருந்தால் வேர் தானே ஊன்றும்’ என்பர். இவ்விடத்தில் எமது தொழில் எமக்குக் கற்பித்ததொரு பாடத்தைக் கூற விரும்புகின்றோம்.

நாம் எல்லாரும் நம்மையே குடியேறிகள் என்று எண்ணுகின்றோம். நமக்குச் சோறிட்ட மரங்களும் குடியேறியவையே. பால்மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரம். 1876-ல் அதன் விதைகள் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. செம்பனை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. 1848-ல் சாவகத் தீவின் போகோர்ப் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. 1917-ல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் அது வாணிகப் பயிராயிற்று. மண் ஒத்தது, மழை ஒத்தது, வெயில் ஒத்தது. மரமும் ஓங்கி வளர்ந்தது. ஆனால் ஒரு குறை. குலைகளில் வேண்டிய அளவு காய் பிடிக்கவில்லை. இளமரங்களிற் குறை மிகுதி. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலைகளாகத் தோன்றும் இம்மரத்தில் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பார் வேண்டும். தோட்டத்துப் பெண்கள் மகரந்தத்தை வெள்ளை மாவுடன் கலந்து மரம் மரமாகச் சென்று பெண் பூக்களின் மேல் ஊதினர். இப்படிப் பல ஆண்டுகள் மனிதக் கையாற் காய்க்கவைத்தனர்.

குறை எங்கே என்பது பின்னரே தெளிந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் அம்மரத்தின் பூவிலேயே பிறந்து, அப்பூவிலேயே வாழ்ந்து, மகரந்தத்தைச் சுமந்து திரியும் ஒரு சிறு வண்டு உண்டு. மரத்தைக் கொணர்ந்தவர் வண்டைக் கொணரவில்லை. 1981-ல் கமரூன் நாட்டிலிருந்து அவ்வண்டினம் கொண்டுவரப்பட்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன் பின் ஊதும் வேலை ஒழிந்தது. குலைகள் தாமே நிறைந்து காய்த்தன.

போகோர் மரங்கள் முளைத்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. காலம் குறைவா? இல்லை. மண் பகையா? இல்லை. மரத்தின் சந்ததி நன்கு வாழ்ந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வாரின்றி, உயிர் இருந்தும் பயன் குன்றியிருந்தது. மனிதன் மரமல்லன் என்பதை யாம் அறிவோம். உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் தவறு. எனினும் இவ்வளவு கூறலாம்: வாழ்தல் வேறு, காய்த்தல் வேறு. காலம் முதலாவதைத் தருமேயன்றி இரண்டாவதைத் தராது. இரண்டாவதற்கு உறவு வேண்டும்.

அவ்வுறவு எப்படிப்பட்டது? தம்பியின் கதை அதைக் காட்டிற்று. ஜூலை, ஆகஸ்டு மாதங்களிற் கிழமைக்கு இரண்டு கடிதம் எழுதியவன், அக்டோபரில் ஒன்று எழுதினான், நவம்பரில் எழுதவில்லை. தொலைபேசியிற் பேசினால் ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். அவன் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. கோடையில் ஏரிக்கரையில் முகமன் கூறியவர்கள் இப்போது கதவுக்குப் பின்னால் இருந்தனர். அவர்கள் கெட்டவராகிவிடவில்லை, குளிர்காலத்தில் அந்நாட்டார் வாழும் முறை அது. அவனிடம் எல்லாம் இருந்தன. வேலை இருந்தது, அந்நாட்டு மக்கட்பதிவு எண் இருந்தது, புதிதாக வந்தார்க்கு இலவசமாக நடத்தப்படும் சுவீடிய மொழி வகுப்பும் இருந்தது. இல்லாதது, மாலையிற் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கும் ஒரு குரல்.

டிசம்பரில் ஒரு நாள், சாமான் வாங்கும் கடையில் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றவனை ஒரு முதிய அம்மையார் தமிழில் விசாரித்திருக்கின்றார். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து ஐரோப்பிய நாடுகளிற் புகலடைந்த தமிழருட் சிலர் சுவீடனிலும் உள்ளனர். அவர்களில் ஒருவர் அவ்வம்மையார். அன்றிரவே அவன் அவர் வீட்டில் உண்டான். அவ்வீட்டுச் சன்னலிலும், சுவீடியர் வீடுகளிற் போலவே, அம்மாதத்து விளக்குகள் ஏற்றியிருந்தனவாம். ‘இது யாருடைய வழக்கம்?’ என்று இவன் கேட்டதற்கு, ‘இருட்டு இருக்கிற ஊரிலே விளக்கு வைக்கிறது எல்லோருடைய வழக்கமும்தான் தம்பி’ என்றாராம் அவர்.

பிப்ரவரியில் வந்த கடிதத்தில் அவன் எழுதியது இது: மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், அவரைப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றேன், அவருக்குக் குளிர்க்காலணி இல்லை, என்னுடைய மற்றொரு இணையைக் கொடுத்தேன், பக்கத்து வீட்டுச் சுவீடியக் கிழவர் பனியில் வழுக்கி விழுந்துவிட்டார், இரண்டு வாரமாக அவருக்குப் பால் வாங்கிக் கொடுக்கிறேன், ஆகையால் எழுத நேரமில்லை.

இக்கடிதத்தில் ‘ஊன்றிவிட்டேன்’ என்னும் சொல் இல்லை. ஆனால் சின்னம்மா இதனைக் கேட்டவுடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனி அவன் அங்கே இருந்துக்குவான்” என்றார். யாமும் அவ்வாறே முடிவு செய்தோம். பிறர் நம்மை ஏற்றுக்கொள்ளும்போது நாம் குடியேறத் தொடங்குகின்றோம். நாம் பிறரை ஏற்கத் தொடங்கும்போது குடியேறி முடிக்கின்றோம். ‘குடி’ என்னும் சொல்லே வீட்டையும் குடும்பத்தையும் குறிப்பது. வாயிலில் வந்து நிற்பவனை உள்ளே அழைக்க உரிமையும் கடமையும் உடையவனே வீட்டுக்குரியவன். விருந்தாளிக்கு அது இல்லை. எந்த நாட்டில் நாம் விருந்தாளியாயிருப்பதை விட்டு விருந்தோம்புவாராகின்றோமோ, அந்த நாட்டில் நாம் குடியேறிவிட்டோம். இதுவே எமது துணிபு.

இது புதிய கொள்கையன்று. 1819-ல் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர் நாராயண பிள்ளை. செங்கற் சூளை வைத்துப் பொருளீட்டினார். அவர் செல்வத்தை இன்று யார் நினைக்கின்றார்? 1827-ல் அவர் முயற்சியால் எழுந்த மாரியம்மன் கோயில், வேலையும் இடமும் கிடைக்கும் வரை புதிதாக வந்த தமிழருக்குத் தங்குமிடமாக இருந்தது. அதுவே வரலாற்றில் நின்றது. சமயக் கொள்கையில் நம்மிற் பலர் வேறுபடலாம். வந்திறங்கியவனுக்குத் தலைசாய்க்க ஓரிடம் என்பதில் வேறுபட யாருக்கும் காரணமில்லை.

பூன் லே என்னும் பெயரும் ஒரு குடியேறியின் பெயரே. சீனத்தின் ஃபூச்சியன் பகுதியினின்று வந்த சூ பூன் லே என்பார்க்கு ஜூரோங் பக்கத்திற் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. 1961-ல் அப்பகுதியைத் தொழிற்பேட்டையாக்கும் பணி தொடங்கிற்று, தோட்டங்கள் மறைந்தன, ஆலைகள் எழுந்தன, அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, 1990-ல் ரயில் வந்தது. இன்று அந்த ரயில் நிலையத்தில் மாலை வேளையில் நின்றால், ஜூரோங்கிலும் துவாஸிலும் உள்ள ஆலைகளிலும் கப்பற்பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர்களைக் கூட்டங் கூட்டமாகக் காணலாம்.

இங்கே எமது குற்றமொன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடில் மேலே எழுதியதெல்லாம் ஊருக்கு உபதேசமாய் முடியும். ஈராண்டுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, அந்நிலையத்தின் வாயிலில் ஓர் இளைஞன் எம்மை நெருங்கினான். கையிற் பிளாஸ்டிக் பை. சட்டைப் பையில் மடித்த தாள். “அண்ணே, இந்த விடுதிக்கு எந்த பஸ்லே போகணும்?” என்று தாளை நீட்டிக் கேட்டான். எமக்கு விடை தெரியும். இருபதாண்டுக்கு மேலாக அந்த இடத்தின் சந்து பொந்தெல்லாம் அறிவோம். இருந்தும் யாம் ஆங்கிலத்தில், தெரியாது என்று பொருள்படும் இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டு நடந்தோம். அவன், “சாரி சார்” என்று ஒதுங்கினான்.

ஏன் அப்படிச் செய்தோம்? அவசரம் ஒன்றுமில்லை. அவன்மேல் வெறுப்புமில்லை. அவனோடு தமிழிற் பேசி நின்றால், பக்கத்தில் நிற்பவர்கள் எம்மையும் அவ்விடுதியைச் சேர்ந்தவராக எண்ணிவிடுவரோ என்னும் அச்சமே காரணம். யாம் கற்ற ஆங்கிலக் கல்வி அன்று எமக்கு அறிவாக உதவவில்லை. மறைந்துகொள்ளும் போர்வையாக உதவிற்று. இப்போது எண்ணிப் பார்க்குங்கால் ஓர் உண்மை விளங்குகின்றது. சொந்த வீட்டில் இருப்பவன், உறவினன் அழுக்குச் சட்டையோடு வந்தாலும் ‘வா’ என்பான். தன்னையே பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவனாக எண்ணுபவன்தான், ‘இவன் வந்தால் என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்களோ’ என்று நடுங்குவான். ஆகவே அன்று அந்நிலையத்திற் குடியேறாதவர் யாமே. மூன்று தலைமுறையாக இம்மண்ணிலும் பக்கத்து மண்ணிலும் வாழ்ந்த குடும்பத்தில் வந்த யாம், நேற்று வந்த ஒருவனைக் கண்டு அஞ்சினோம்.

இனி, இக்கொள்கைக்கு இரண்டு தடைகள் எழலாம். முதலாவது: ‘அவ்விளைஞன் குடியேற முடியாதே. அவனது வேலை உரிமச்சீட்டு முதலாளியைப் பொறுத்தது. மனைவி மக்களை அழைத்துவர அச்சீட்டில் இடமில்லை. இந்நாட்டார் ஒருவரை மணக்கவும் அரசாங்கத்தின் இசைவு வேண்டும். வீடே இல்லாதவனிடம் விருந்தோம்பலை அளவுகோலாக வைப்பது கொடுமையன்றோ?’ என்பது. நியாயமான தடை. குடியேறும் உரிமை மறுக்கப்பட்டவனைக் குடியேறவில்லை என்று குறைகூறல் அறமன்று, அப்பொறுப்பு அவனுடையதன்று. ஆயினும் அவ்விடுதிகளில் நடப்பதைக் கேட்டறிந்தவர் ஒன்று சொல்வர். புதிதாக வந்தவனுக்கு முதல் மாதச் சம்பளம் வரும் வரை பழைய ஆள்கள் தங்கள் சோற்றிலிருந்து பங்கிடுகின்றனர். தொலைபேசி அட்டை வாங்கித் தருகின்றனர். காய்ச்சலென்றால் மருந்தகத்திற்கு உடன் செல்கின்றனர். சட்டம் அவர்களை விருந்தாளியாகக்கூட எண்ணாது, கருவியாக எண்ணுகின்றது; அவர்களோ இல்லறத்தாரின் கடமையை ஒரு கட்டிலின் அளவிலேயே செய்து முடிக்கின்றனர். ஆகவே எமது அளவுகோல் அவர்களைத் தாழ்த்தவில்லை. சீட்டும் வீடும் உள்ள நம்மையே அது சுடுகின்றது.

இரண்டாவது தடை: ‘தமிழன் தமிழனுக்கு உதவுவதைக் குடியேற்றம் என்பது, தனித்தீவு கட்டிக்கொள்வதே ஆகாதா?’ என்பது. ஆகும், அதனோடு நின்றுவிட்டால். வண்டு ஒரே பூவிற் சுற்றிக்கொண்டிருந்தாற் காய் பிடிக்காது. சுவீடனில் தம்பி மதுரைக்காரருக்குக் காலணி கொடுத்ததோடு, சுவீடியக் கிழவருக்குப் பாலும் வாங்கிக் கொடுத்தான் என்பதை மறத்தலாகாது. அந்நாட்டார்க்கும் இது புதிதன்று. 1850-க்கும் 1930-க்கும் இடையிற் பன்னிரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட சுவீடியர் வறுமையாலும் பிறவற்றாலும் அமெரிக்கா சென்று அயலார் வாயிலில் நின்றவரே. பூன் லேயிற் சின்னம்மாவும் அவ்வாறே வாழ்கின்றார். சிற்றப்பா மறைந்தபோது கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டவர் மலாய்க்காரர். வந்தவர்க்குத் தண்ணீர் கொடுத்தவர் சீனப் பாட்டி. இன்று அப்பாட்டிக்கு வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் சிகிச்சை. அந்நாள்களிற் சின்னம்மா தம் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றார், அவர் திரும்பி வந்ததைக் காண்பதற்காக. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி ஐம்பது மலாய்ச் சொற்களே. அது போதுமானதாயிருக்கின்றது.

அன்பர்களே! தோட்டத்தில் இருப்பினும் நகரத்தில் இருப்பினும் நம்முள் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் வந்தவரின் பிள்ளைகளே. நம் பாட்டனுக்கு லயத்தில் முதற் கஞ்சி ஊற்றியவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆதலின் அக்கடனை அவரிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அடுத்து வருபவனிடமே கொடுக்கக்கூடும். பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்பும் பெற்றோர், ‘சம்பளம் எவ்வளவு, குளிர் எவ்வளவு’ என்று கேட்பதோடு, ‘உன் வீட்டிற்கு யார் வந்தார்கள்’ என்றும் கேட்பாராக. கோடையின் கடிதத்தை நம்பி மகிழ்ந்துவிடாமல், குளிர்காலத்தின் கடிதத்திற்குக் காத்திருப்பாராக.

யாம் சென்ற மூன்று மாதங்களாக, பூன் லே செல்லும் ஞாயிறுகளில் மாலை அரைமணி நேரம் அந்நிலையத்தின் வாயிலில் நின்று வருகின்றோம். அவ்விளைஞனைக் காணவில்லை, கண்டாலும் அடையாளம் தெரியுமோ என்னவோ. ஆனால் தாளை நீட்டிக்கொண்டு விழிப்பவர் வாரத்திற்கு ஒருவரேனும் இருக்கின்றார். பஸ்ஸின் எண்ணைத் தமிழிற் சொல்கின்றோம். இது பெருந்தொண்டு என்று எண்ணவில்லை. ஒரு வீட்டின் வாயிலில் நிற்கப் பழகுகின்றோம், அவ்வளவே.